போன ஊரும் நெய்த துணியும்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். சங்கு, சோழி மாலை, பொட்டலத்தில் அடைத்த வண்ண மணல், இவற்றோடு சூரியனும் பாறையும் அச்சடித்த ஒரு துணிப்பையையாவது வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறுகிறார்கள். அந்தப் பையைப் பற்றி யாரும் விமரிசனம் எழுத வேண்டியதில்லை. அதில் நாலு காய்கறி வாங்கி வர முடிந்தால் அதன் ஜன்மம் சாபல்யம். ஆனால் அதே சூரியனையும் அதே பாறையையும் ஒருவர் ஆறு மாதம் உட்கார்ந்து பூத்தையலில் ஆக்கி, சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டி, கலை என்று நம்மைக் கூப்பிட்டுக் காட்டும்போது விமரிசனத்துக்கு வேலை வந்துவிடுகிறது.

போய் வந்த ஊரை நூலிலும் துணியிலும் ஆக்கி வைக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. இப்போது பிரயாணம் பெருகிவிட்டது; கைவேலையில் நாட்டமும் பெருகியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து, இந்தத் துணிச் சித்திரங்கள் ஒரு தனி இனமாகவே வளர்ந்திருக்கின்றன. பெரும்பாலானவை பார்க்க நன்றாக இருக்கின்றன. பெரும்பாலானவை நாம் வீடு திரும்புகிற வழியிலேயே மறந்தும் போகின்றன. கைத்திறமையில் குறைவில்லாத ஒரு வேலை ஏன் மனசில் நிற்க மறுக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு காரணம் வெளிப்படையானது. போன இடத்தில் எடுத்த புகைப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு தைக்கிறார்கள். காமிரா ஒரு கணத்தில் செய்து முடித்ததை ஊசி ஆறு மாதம் பாடுபட்டுத் திரும்பச் செய்கிறது. ஊசிக்கென்று ஒரு வேலை அங்கே மிச்சமில்லை. கன்னியாகுமரி விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முக்கடல் கூடுகிற அந்தக் காட்சி ஆதியந்தமில்லாதது என்ற எண்ணத்தில்தான் அதைத் தைக்க உட்காருகிறார்கள். ஆனால் படத்தில் விழுகிற பாறை மண்டபம் 1970-இல் வந்தது. பக்கத்தில் 133 அடி உயரத்தில் நிற்கிற வள்ளுவர் 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி வந்தவர். இரண்டையும் இணைக்கிற கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்டது. 1892-இல் விவேகானந்தர் வந்தபோது அங்கே இருந்தது மொட்டைப் பாறையும், தேவியின் பாதம் என்று ஜனங்கள் கும்பிடுகிற ஒரு சுவடும்தான். ஆகவே நித்தியம் என்று நினைத்து நாம் தைப்பதெல்லாம் நாம் போன வருஷத்துத் தோற்றத்தைத்தான். பாலத்துக்கு முன்னால் தைத்ததும் பின்னால் தைத்ததும் பழைய காலண்டர், புதுக் காலண்டர் என்கிற வித்தியாசத்தோடு நிற்கின்றன.

கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் பழகின சங்கதி. கன்னியாகுமரியில் நடக்கிற கதை என்று சொல்லி, முதல் பக்கத்தில் சூர்யோதயத்தையும் இரண்டாம் பக்கத்தில் அஸ்தமனத்தையும் வருணித்தால் வாசகர் மூன்றாம் பக்கத்துக்குப் புரட்டிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அதே கரையில் ஒரு கிழவி, சுடுமணலில் கால் வைக்க முடியாமல் தோளில் கிடந்த துண்டைக் கீழே போட்டு அதன்மேல் நின்றுகொண்டு, செருப்பு எடுத்துவரப் போன பேரனுக்காகக் காத்திருக்கிறாள் என்று எழுதினால் வெயில், மணல், காற்று எல்லாம் கூப்பிடாமலே வந்துவிடுகின்றன. ஊர் வருணனைக்கு அகப்படாது. அங்கே ஒருவர் செய்கிற காரியத்துக்கு அகப்படும். துணிக்கும் இது பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கண் பார்த்ததை மட்டும் முதலாக வைத்துச் செய்த துணி வெறும் அடையாளச் சீட்டாக முடிகிறது. கால் நடந்ததும் கை பழகியதும் எந்தத் துணியில் சேர்கின்றனவோ அதில் ஊர் வந்து உட்காருகிறது.

அப்படியானால் துணியில் இடத்தின் படமே வரக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக வரலாம். பூரி ஜகந்நாதத்துக்குப் போகிற யாத்திரிகர்கள் ஞாபகார்த்தமாக வாங்கி வருகிற ‘ஜாத்ரி பட்டி’யைப் பாருங்கள். பருத்தித் துணியில் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணத் தூளும் பூசிக் காயவைத்து, தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் எழுதுகிற சித்திரம் அது. நம் கன்னியாகுமரிப் பையைப் போலவே கடைவீதிச் சாமான்தான். ஆனால் அந்தச் சித்திரங்களில் ‘சங்கநாபி’ என்று ஒரு தினுசு உண்டு. பூரி க்ஷேத்திரம் சங்கின் வடிவில் அமைந்தது என்பது நம்பிக்கை. அதனால் துணியில் ஊரே ஒரு சங்காக வளைந்து கிடக்கிறது. அதன் நடுவில் கோயில். கோயிலுக்குள் மூன்று மூர்த்திகள். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் பூரி அப்படித் தெரியாது. மதிலுக்கு வெளியே நிற்கிறவனுக்குக் கர்ப்பக்கிருகம் தெரியவே தெரியாது. ஆனால் ஊருக்குள் நுழைந்து, சுற்றி, கூட்டத்தில் நசுங்கி, உள்ளே போய்த் தரிசித்து வந்தவனுடைய நினைவில் ஊர் அப்படித்தான் இருக்கிறது. வெளியே வீதி, உள்ளே வீதி, அதற்கும் உள்ளே சுவாமி. எழுதினவன் கண்ணுக்குத் தெரிந்ததைக் கலைத்துப் போட்டு, கால் போன கிரமத்தில் மறுபடி அடுக்கியிருக்கிறான்.

குஜராத்தில் பாலிதானா ஊரை அடுத்த சத்ருஞ்சய மலை ஜைனர்களுக்குப் பரம பவித்திரமானது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். மேலே நூற்றுக்கணக்கான கோயில்கள். மழைக்காலம் நாலு மாதமும் யாத்திரை கிடையாது. கார்த்திகைப் பௌர்ணமியன்று மறுபடி தொடங்கும். அன்றைக்கு மலைக்குப் போக முடியாதவர்களுக்காக அவரவர் ஊரிலேயே, அந்த மலையை எழுதிய பெரிய துணியொன்றைத் தொங்கவிட்டு வழிபடுகிறார்கள். துணியில் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. யாத்திரிகர்கள் அதில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பார்க்கிறவரின் கண்ணும் கூடவே ஏற வேண்டியிருக்கிறது. முழங்கால் வலியோடு வீட்டில் தங்கிவிட்ட ஒரு பாட்டி அதன் முன்னால் நின்று கைகூப்புகிறபோது துணியே மலையாகிவிடுகிறது. நம் கூடத்துச் சுவரில் மாட்டின பாறைக்கு அப்படி ஓர் உத்தியோகம் உண்டா? நாங்கள் போய் வந்தோம் என்று விருந்தாளிக்கு அறிவிப்பதோடு அதன் வேலை தீர்ந்துவிடுகிறது.

பக்தி சம்பந்தமில்லாத பிரயாணிக்கு என்ன வழி? இதற்கு நான் சொல்லக்கூடிய சிறந்த விடை ஆனி ஆல்பர்ஸ் என்ற நெசவுக் கலைஞர் 1936-இல் நெய்த ‘மான்டே அல்பான்’. இந்த அம்மாள் 1899-இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பௌஹௌஸ் என்ற பேர்போன கலைப்பள்ளியில் நெசவு கற்றார். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஓவியரான கணவரோடு அமெரிக்கா போய், வட கரோலினாவில் பிளாக் மவுண்டன் கல்லூரியில் நெசவு சொல்லிக்கொடுத்தார். அங்கிருந்து மெக்ஸிகோவுக்கு முதல் தடவை போனது 1935-இல். பிற்பாடு பத்துத் தடவைக்கு மேல் போனார். வஹாக்கா நகரத்துக்குப் பக்கத்தில் மான்டே அல்பான் என்ற மலைமேல், சாபொட்டெக் மக்கள் கிறிஸ்துவுக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் தொடங்கிக் கட்டின பழைய நகரம் இருக்கிறது. மலையின் தலையைச் சீவிச் சமதளமாக்கி, அதன்மேல் மேடைகளையும் படிக்கட்டுகளையும் எழுப்பியிருக்கிறார்கள்.

ஆல்பர்ஸ் நெய்த துணியில் மலையும் இல்லை, ஆகாயமும் இல்லை. கறுப்பு, பழுப்பு, சாம்பல், மங்கின வெள்ளை. பட்டும் லினனும் கம்பளியும் கலந்த ஒரு தளம். அந்தத் தளத்தின்மேல் தனியாக ஓர் இழை ஓடுகிறது. நெசவு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். பாவு நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருக்கும். ஊடை கரைக்குக் கரை போய்த் திரும்பும். இதுதான் துணி. ஆல்பர்ஸ் இதற்கு மேல், துணிக்கு அவசியமில்லாத ஓர் ஊடையைச் சேர்த்தார். அது கரை வரைக்கும் போகாது. நினைத்த இடத்தில் மேலே மிதந்து, நினைத்த இடத்தில் பாவுக்குள் கட்டுண்டு, கொஞ்ச தூரம் போய், ஒரு படி ஏறி, மறுபடி போய், இறங்கி வரும். கோடு எழுதுகிற மாதிரி. அதைவிடச் சரியாகச் சொன்னால், நடக்கிற மாதிரி. முதலில் தளத்தை உண்டாக்கி, பிறகு அதன்மேல் படிகளை ஏற்றினார்கள் அந்தப் பழைய மக்கள். ஆல்பர்ஸும் தறியில் அதையேதான் செய்தார். மலையைப் பார்த்து மலையை நெய்யவில்லை. மலைமேல் வேலை செய்தவர்களின் முறை தறிக்குள் வந்துவிட்டது. துணியின் பெயரை மறைத்துவிட்டுக் காட்டினாலும், எங்கேயோ வெயிலில் கல்படி ஏறி இறங்கின களைப்பு நமக்கு வரும்.

அந்த ஊரில் பழைய கல்லறை ஒன்றிலிருந்து 1932-இல் எடுத்த நகைகளையும் ஆல்பர்ஸ் பார்த்தார். பொன்னையும் முத்தையும் சாதாரணக் கடற்சிப்பியோடு கூச்சமில்லாமல் சேர்த்துக் கோத்த நகைகள். திரும்பிப் போய் அதே மாதிரி பொன்னில் ஒரு சங்கிலி செய்துகொள்ளவில்லை. மாணவர் ஒருவரோடு சேர்ந்து இரும்புக்கடைக்கும் சில்லறைக்கடைக்கும் போய், பாத்திரம் கழுவுகிற தொட்டியின் சல்லடை, தலைக்குக் குத்துகிற ஊசி, வாஷர் இவற்றை வாங்கி வந்து கழுத்தணிகள் செய்தார். பழைய நகையின் சாயல் அதில் துளிக்கூட இல்லை. பழைய நகைக்காரனின் துணிச்சல் முழுசாக இருக்கிறது. 1965-இல் நெசவு பற்றி எழுதின புத்தகத்தைப் பழங்காலப் பெரு நாட்டு நெசவாளிகளுக்கு, தம்முடைய ஆசிரியர்கள் என்று சொல்லி, சமர்ப்பணம் செய்தார். போன இடத்து மனிதர்களைக் காட்சியாகப் பார்க்காமல் குருவாகப் பார்த்ததுதான் அவருடைய வெற்றிக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நம்மவர்களிலும் அப்படிப் போய் வந்தவர்கள் உண்டு. ரவீந்திரநாத தாகூர் 1927-இல் மலாயா, ஜாவா, பாலித் தீவுகளுக்குப் பிரயாணம் போனார். கூடப் போனவர்களில் சுரேந்திரநாத் கர் என்ற ஓவியரும் ஒருவர். ஜாவாவில் போரோபுதூர் இருக்கிறது; அதைத் துணியில் எழுதிக் கொண்டுவந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பிரயாணத்துக்குப் பிறகு சாந்திநிகேதனில் வேரூன்றினது பாத்திக் வேலை: துணியில் மெழுகால் எழுதி, சாயத்தில் முக்கி, மெழுகு பட்ட இடத்தில் மட்டும் சாயம் ஏறாமல் காப்பாற்றுகிற கைமுறை. ஜாவாக்காரர்கள் சின்னச் செம்புக் குழாயால் மெழுகை ஊற்றி எழுதுவார்கள். சாந்திநிகேதனில் தூரிகையால் எழுதினார்கள். வங்காள வீட்டு முற்றத்தில் பெண்கள் போடுகிற கோலங்கள் துணியில் வந்தன. ஜாவாவின் தேர்ந்த வேலையாட்கள் மெழுகு வெடித்துச் சாயம் கசிந்த கோடுகளைக் குறை என்பார்கள். நம் நாட்டில் அந்தக் கோடுகளுக்காகவே துணியை வாங்குகிறவர்கள் உண்டு. கைமுறை ஒன்று கடல் கடந்தது. வந்த இடத்து மண்ணும் புத்தியும் சேர்ந்து அதை வேறாக்கின. சென்னை ஓவியர்கள் ஒரு கைவினைச் சங்கம் வைத்து, பாத்திக் துணிகளையும் விற்று, அந்த ஆதரவில் 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் என்ற கிராமத்தையே அமைத்துக்கொண்டார்கள். ஒரு பிரயாணத்தின் பலன் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது பாருங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். கைமுறை ஒன்று கடல் கடந்து வந்த கதை நாஞ்சில் நாட்டிலும் உண்டு. ஜாவாக் கதைக்கு நூறு வருஷம் முந்தினது. அதைவிட வலி மிகுந்தது.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கி, 1821 வாக்கில் அங்கே லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுத்தார். போர்த்துக்கீசியர் வழியாக வந்த ‘ரேந்தை’ என்ற பழைய பெயரும் தமிழில் இதற்கு உண்டு. இங்கிலாந்தில் டெவன் பகுதியில் ஹானிட்டன் என்ற ஊரின் பின்னல் பேர்போனது. 1840-இல் விக்டோரியா மகாராணியின் கல்யாண உடைக்கே அந்தப் பின்னல்தான். ரோஜாவும் இலையுமாகப் பின்னுகிற அந்தப் பாரம்பரியத்தின் ஒரு கிளை வயலும் குளமும் சூழ்ந்த நாகர்கோவிலில் முளைத்தது. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த கன்னியாஸ்திரிகளிடமும் அநாதைப் பெண்கள் ஊசி வேலை பழகினார்கள். வெள்ளைக்கார நாட்டின் கைத்தொழில் இப்படியாக நம் ஜில்லாவின் கைத்தொழிலாயிற்று.

மால்ட் அம்மையாரிடம் வந்த பெண்கள் யார் என்பதை மறந்துவிட்டு இந்த லேஸைப் பார்க்க முடியாது. அவர்களில் அடிமைகளாக இருந்தவர்கள் உண்டு. பின்னல் கூலியைச் சேர்த்து, தங்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு விலை கொடுத்து, தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டவர்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து விளம்பரம் வந்தது 1855-இல்தான். இன்னொன்றையும் சேர்த்து நினைக்க வேண்டும். கீழ்ப்படுத்தப்பட்ட ஜாதிப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக்கூடாது என்று தடை இருந்த காலம் அது. 1822-இல் கல்குளம், இரணியல் பக்கங்களில் கலகம் மூண்டது. 1859 ஜூலையில் நாடார் பெண்கள் மேலாடை உடுத்தலாம் என்று மகாராஜா விளம்பரம் போடுகிறவரை, முப்பத்தேழு வருஷம், அது ஓயவில்லை. அந்த அனுமதியிலும் மேல்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு வால் இருந்தது. தம்முடைய தோளுக்கு ஒரு முழத் துணிக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்டில், அந்தப் பெண்கள் சீமைச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைக்கு ரோஜா பின்னிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பின்னல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். இறுக அடைத்த ஒரு தலையணை. அதன்மேல் ஊசியால் துளைகள் குத்திய ஒரு தடித்த தாள். மாதிரி முழுவதும் அந்தத் துளைகளில் அடங்கியிருக்கிறது. நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் டஜன் டஜனாகத் தொங்கும். இரண்டிரண்டாக எடுத்துக் குறுக்கே போட்டு, முறுக்கி, துளை வந்த இடத்தில் குண்டூசியைச் செருகி, அந்த ஊசியைச் சுற்றி நூலைத் திருப்ப வேண்டும். வேலை முடிந்ததும் ஊசிகளைப் பிடுங்கினால் லேஸ் கையோடு வரும். கட்டைகளை ஓட்டுகிற வேகத்தைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் எந்த நூல் எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தாள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. ஊர் என்கிற சங்கதி லேஸுக்குள் வருமானால் அந்தத் துளைகளின் வழியாகத்தான் வர முடியும். வாங்குகிறவர்கள் ஐரோப்பியர்கள், ஆகவே துளைகளின் ரசனையும் அவர்களுடையது. கண் ஓரிடத்தில், கை ஓரிடத்தில்.

அதனால் அந்தப் பழைய லேஸ் மட்டமா? அப்படிச் சொல்லுகிறவன் ஈரமில்லாதவன். விடுதலையை விலைக்கு வாங்கித் தந்த பின்னலிடம் போய், உன் பூ எந்த ஊர்ப் பூ என்று கேட்பது விமரிசனமாகாது. அன்றைக்கு அந்த ரோஜா செய்த வேலையை நாஞ்சில் நாட்டுத் தாமரையால் செய்திருக்க முடியாது. தாமரையை வாங்க ஆள் இல்லை. கலைக்கு மேலே சில காரியங்கள் உண்டு. அந்தப் பெண்கள் அப்படி ஒரு காரியத்தைச் செய்தார்கள். ஆனால் அன்றைய நிர்ப்பந்தத்துக்குச் சொன்ன நியாயத்தை இருநூறு வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இன்றைக்கு வேறொரு தினுசுப் பிரயாணி வருகிறார். நகரத்தில் உடை அலங்காரம் படித்தவர். கன்னியாகுமரியில் இரண்டு நாள் தங்குகிறார். கடலின் நீலமும் அஸ்தமனத்தின் செம்மையும் அவரை உலுக்கிவிடுகின்றன. அதில் பொய் இல்லை. வரைபடம் போட்டு, ‘முக்கடல்’ என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்து, உள்ளூர்ப் பெண்களிடம் பூவேலைக்குக் கொடுக்கிறார். துணியின் கீழே அவர் பெயர் இருக்கும். தைத்தவர்களுக்கு மாவட்டத்துப் பெண்கள் என்று ஒரு பொதுப் பெயர். மறுபடியும் கண் ஓரிடம், கை ஓரிடம். முன்னே ரோஜாவை அனுப்பினார்கள். இப்போது நம்முடைய கடலையே நமக்கு மாதிரியாக அனுப்புகிறார்கள். தைக்கிற பெண் தினம் பார்க்கிற கடல் அது. அவள் அதை எப்படிப் பார்க்கிறாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கூலி சரியாகக் கிடைத்தால் போதாதா, மாதிரி யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. கூலியும் மாதிரியும் அப்படித் தனித்தனியானவை அல்ல. ஆந்திரத்தில் நரசாபுரம் வட்டாரத்துக் குரோஷா லேஸ் வேலையைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிற சரக்கைப் பின்னுகிற பெண்களை, வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ செய்கிறவர்கள் என்று வைத்துவிட்டதால் அவர்கள் கூலி எப்படித் தேய்ந்தது என்பதை அதில் காட்டியிருக்கிறார். கையை மட்டும் வாடகைக்கு எடுக்கும்போது அந்தக் கைக்குப் பதிலாக இன்னொரு கை எப்போதும் கிடைக்கும். பார்வையும் அவளுடையதாக இருந்தால் அவளுக்குப் பதில் ஆள் கிடைக்காது. மாதிரியைப் பற்றின கேள்வி சோற்றைப் பற்றின கேள்வியும் ஆகிறது.

நம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சொந்தமாக மாதிரி போடத் தெரியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் தோவாளைக்குப் போய்வரட்டும். அங்கே மாணிக்கமாலை என்று ஒன்று கட்டுகிறார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை. இவற்றை நாரில் மடித்து மடித்து, பாய் முடைகிற மாதிரித் தட்டையாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். முடிந்த பிறகு பூமாலையாகத் தெரிவதில்லை. கல் பதித்த பட்டுக் கரையாகத் தெரிகிறது. 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது துணியில்லைதான், மறுநாள் வாடிவிடும். ஆனால் அதில் நெசவின் லட்சணம் பூராவும் இருக்கிறது: எண்ணிக்கை, திரும்பத் திரும்ப வருகிற கட்டம், ஓர் இழை பிசகினால் எல்லாம் பிசகுகிற ஒழுங்கு. துளை குத்திய தாள் எதுவும் அங்கே கிடையாது. மாதிரி விரலுக்குள் இருக்கிறது. விரலுக்கு அதைக் கொடுத்தது பக்கத்துத் தோட்டத்து அரளி. இந்தப் பக்கத்துக்கு வந்து போகிற பிரயாணி எதையாவது துணியில் கொண்டுபோக ஆசைப்பட்டால், சூர்யோதயத்தைத் தவறவிட்டாலும் பாதகமில்லை. ஒரு மாலை கட்டுகிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரலாம். ஜாவாவிலும் மெக்ஸிகோவிலும் நல்ல பிரயாணிகள் செய்தது அதைத்தான்.

உள்ளூரில் பின்னத் தெரிந்தவர்களுக்கும் ஒரு பிரயாணம் பாக்கியிருக்கிறது. தூரம் அதிகமில்லை. கன்னிப்பூ நட்ட வயலும் அறுத்த வயலும் அடுத்தடுத்துக் கட்டம் கட்டமாகக் கிடக்கிறதை வரப்பில் நின்று பார்க்க வேண்டும். கரையில் வலை முடிகிறவர்களின் முடிச்சைப் பார்க்க வேண்டும். லேஸுக்கு அதைவிட நெருங்கின சொந்தம் இந்த ஜில்லாவில் வேறில்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் மரச் சல்லடை ஜன்னல் வழியாக வெளிச்சம் தரையில் விழுகிறதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து, தலையணையின்மேல் வெறும் தாளை விரித்து, ஊசியைக் கையில் எடுத்து, முதல் துளையை அவர்களே குத்த வேண்டும். வாங்குகிறவர்கள் அந்த வேலைக்குப் பொறுமையோடு காத்திருக்கவும், தைத்தவரின் பெயரைத் துணியின் கீழே போடவும், அதற்குத் தகுந்த விலை கொடுக்கவும் பழக வேண்டும்.

அப்படிக் குத்தின தாளிலிருந்து என்ன மாதிரி எழுந்து வரும் என்று நான் வருணித்து எழுதப் போவதில்லை. எழுதினால் நானும் அவர்களுக்குத் தாள் குத்திக் கொடுத்தவனாகிவிடுவேன்.